யார் ஜாடை?

பதினோரு வருடங்களுக்கு முன் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாளில் சிவப்பு மையால் ‘சரிபார்க்கவும்’ என்று எழுதினேன். ஆசிரியராக நான் செய்த தவறுகள் எத்தனையோ. இன்றுவரை என்னை விடாமல் இருப்பது அந்த ஒரு சொல்தான்.

திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பெண்கள் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். மரபியல் பாடம் வரும்போது மெண்டலின் பட்டாணிச் செடியோடு நின்றுவிடாமல் பிள்ளைகளின் வீட்டையும் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காக ஒரு அட்டவணை வைத்திருந்தேன். மேலே நான், அம்மா, அப்பா, அம்மாயி, அப்பாயி, இரண்டு தாத்தாக்கள். பக்கவாட்டில் கண் நிறம், முடி நிறம், முடி சுருட்டையா நேரா, காது நுனி ஒட்டியதா தொங்குவதா, நாக்கைக் குழல்போல உருட்ட முடியுமா. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரியவர்களைப் பார்த்து, கேட்டு நிரப்பி வர வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. கண் நிறத்துக்கான வரிசை மட்டும் நம் ஊரில் ஒரு சடங்குதான். எல்லாரும் ‘கறுப்பு’ என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் கறுப்புக் கண் என்று ஒன்று கிடையாது, எல்லாம் அடர்பழுப்பு என்று சொன்னாலும் அடுத்த வருடமும் கறுப்பு என்றே வரும்.

அந்த வருடம் ஒருத்தியின் தாளில் ‘நான்’ என்ற இடத்தில் ‘பச்சை மாதிரி’ என்று இருந்தது. அவளுக்குப் பூனைக்கண். வகுப்பில் எல்லாருக்கும் தெரியும், பட்டப்பெயரும் அதுதான். மற்ற ஆறு கட்டங்களிலும் ‘கறுப்பு’. அன்று பகல்தான் வகுப்பில் புன்னட் கட்டம் போட்டு, ஒடுங்கு பண்பு வெளியே தெரிய வேண்டுமென்றால் அம்மா பக்கமிருந்தும் வர வேண்டும், அப்பா பக்கமிருந்தும் வர வேண்டும் என்று நடத்தியிருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல் நாற்பது தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த கை, அந்த ஆறு கறுப்புகளின் ஓரத்தில் ‘சரிபார்க்கவும்’ என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போனது. யாராவது ஒரு பாட்டிக்குத் தேன் நிறக் கண் இருக்கும், வெயிலில் நிறுத்திப் பார்த்தால் தெரியும் என்பதுதான் என் எண்ணம். அதை நான் எழுதவில்லை. எழுதியது ஒரு சொல்.

மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளையிடம் கேட்டேன். “அவங்க வீட்ல சண்ட டீச்சர்” என்றாள். அப்புறம் தயங்கி, “நீங்க குடுத்த பேப்பராலதான்” என்றாள்.

அந்தப் பெண்ணின் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை வந்துபோகிறவர். குழந்தை பூனைக்கண்ணோடு பிறந்த நாளிலிருந்தே அவருடைய அம்மா ஏதோ ஒன்றை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். “எங்க வம்சத்துல யாருக்கும் இந்தக் கண்ணு இல்ல.” பதினைந்து வருடம் முணுமுணுப்பாக இருந்த பேச்சுக்கு நான் ஒரு தாள் கொடுத்தேன். தாளில் சிவப்பு மை வேறு. ‘டீச்சரே எழுதிட்டாங்க, சரிபாக்கச் சொல்லி.’ அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த அப்பா பேசாமல் கிளம்பித் திருப்பூருக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் அப்பாயி. உள்ளே அடுப்படி வாசலில் அம்மா நின்றார், வெளியே வரவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. திண்ணை ஓரத்தில் சுண்ணாம்பால் தாயக்கட்டம் கீறியிருந்தது. அதன்மேல் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகள். இரண்டை எடுத்தேன்.

“அம்மா, இது உங்க மகன் குடுக்குறது. இது உங்க மருமக குடுக்குறது. ரெண்டுலயும் ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. வெளியே பாக்க ரெண்டு பேருக்கும் கறுப்புக் கண்ணுதான். ஏன்னா கறுப்பு ஒண்ணு இருந்தாலே போதும், அது வெள்ளைய மறைச்சிடும். பிள்ளை உண்டாகுறப்ப ஆளுக்கு ஒரு பக்கந்தான் குடுப்பாங்க. உருட்டிப் பாருங்க.”

அவர் உருட்டினார். கறுப்பும் வெள்ளையும். மறுபடி, இரண்டும் கறுப்பு. ஐந்தாவதோ ஆறாவதோ உருட்டலில் இரண்டும் வெள்ளையாக விழுந்தன. “இதுதாம்மா உங்க பேத்தி. நாலுல ஒண்ணு இப்படி விழ வாய்ப்பு உண்டு. உங்க மகங்கிட்டயும் இல்லாம இது வந்திருக்காது. தாத்தாவுக்குத் தாத்தா காலத்துல இருந்து அடியில மறைஞ்சே வந்திருக்கும்.”

கிழவி கொட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. “எங்க மாமனாரோட அத்தை ஒருத்தி நல்ல செவப்புன்னு சொல்லுவாக. அவ கண்ணா இருக்கும்” என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன் யாருடையதோ என்றிருந்த கண், இப்போது அந்த வம்சத்தின் சொத்தாகிவிட்டது. நான் மகிழ்ந்துபோனேன். என்னால் ஒரு குடும்பம் தப்பித்தது, அறிவியல் ஜெயித்தது என்றெல்லாம் நினைத்துக்கொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அந்த அம்மா தெருமுனைவரை என்கூட வந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிரியும் இடத்தில் கேட்டார்: “டீச்சர், அந்தக் கொட்டை கடைசிவரைக்கும் வெள்ளையா விழாமலே இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

முதலில் அதை ஒரு அறிவியல் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படித்தேன். அப்படித்தான் பழக்கம். படித்தபோதுதான் தெரிந்தது, நான் திண்ணையில் சொன்னதும் பாதிதான் என்று. கண்ணின் நிறம் என்பது பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ் வளையத்தின் நிறம். அங்கே மெலனின் நிறைய இருந்தால் அடர்பழுப்பு, குறைந்தால் தேன், பச்சை, சாம்பல். மிகக் குறைந்தால் நீலம். நீலக் கண்ணில் நீல நிறமி எதுவும் கிடையாது. ஒளி சிதறுவதால் வரும் நீலம் அது. அந்த மெலனின் அளவைத் தீர்மானிப்பதில் 15ஆம் குரோமோசோமில் அருகருகே இருக்கும் ஓசிஏ2, ஹெர்க்2 என்ற இரண்டு மரபணுக்களுக்குப் பெரிய பங்கு. ஆனால் அவை மட்டுமே அல்ல. பின்னாளில், 2021இல், ஏறத்தாழ 1,95,000 பேரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வந்தது. கண் நிறத்தோடு தொடர்புடைய 61 இடங்களை அது காட்டியது. நீலக் கண் பெற்றோர் இருவருக்குப் பழுப்புக் கண் பிள்ளை பிறப்பதும் நடக்கக்கூடியதே. ஆக இரண்டு புளியங்கொட்டை போதாது, ஒரு கூடை வேண்டும். என் அட்டவணையின் நாக்கு உருட்டும் கதை இன்னும் மோசம். அதை மரபுப் பண்பு என்று 1940இல் எழுதிய ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டிவன்டே, ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவரால் முடிந்து மற்றவரால் முடியாமல் போவது தெரிந்தபின், 1965இல் அதைக் கைவிட்டுவிட்டார். நான் கைவிடவில்லை.

அந்தப் பழுப்பு ஓங்கு, நீலம் ஒடுங்கு என்ற எளிய கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1907க்குப் போகிறது. அமெரிக்காவின் ‘சயின்ஸ்’ இதழில் மனிதக் கண் நிறத்தின் மரபு பற்றி வந்த கட்டுரை. எழுதியவர்கள் கணவனும் மனைவியும். முதல் பெயர் மனைவியுடையது: கெர்ட்ரூட் டேவன்போர்ட், விலங்கியல் அறிஞர். இரண்டாவது சார்லஸ் டேவன்போர்ட். அடுத்தடுத்த வருடங்களில் முடியின் வடிவம், முடியின் நிறம், தோலின் நிறம் என்று தொடர்ந்து எழுதினார்கள். பெண் பெயரை முதலில் பார்த்ததும் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அது நிலைக்கவில்லை. 1910இல் சார்லஸ் டேவன்போர்ட் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் இனமேம்பாட்டுப் பதிவகம் ஒன்றைத் தொடங்கினார். வீடுவீடாகக் குடும்பப் பண்புப் படிவங்கள் நிரப்பப்பட்டன. நிரப்பப் போன களப்பணியாளர்களில் மிகப் பலர் படித்த இளம்பெண்கள். அந்தப் பதிவகத்தின் கண்காணிப்பாளர் ஹாரி லாஃப்லின், கேரி பக் என்ற ஏழைப் பெண்ணை ஒருமுறைகூட நேரில் பார்க்காமலே, அவளுடைய குறை பரம்பரையானது என்று சாட்சியம் அனுப்பினார். 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவளுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. குறைபாடு என்று அவளிடம் கண்டதில் திருமணம் ஆகாமல் பிள்ளை பெற்றதும் ஒன்று. அவள் வன்புணர்வுக்கு ஆளானவள். கண் நிறம், முடி நிறம், ஒழுக்கம் எல்லாம் ஒரே மாதிரிப் படிவத்தில் வரிசையாக வந்த காலம். என் அட்டவணை அந்தப் படிவத்தின் தூரத்து உறவு. எனக்கு அது தெரியாது என்பது உண்மை. தெரியாமல் கொண்டுபோய்க் கொடுத்த படிவமும் அந்தத் திண்ணையில் அதே வேலையைத்தான் செய்தது.

ஆனால் அந்த அம்மா கேட்டது அறிவியல் கேள்வி இல்லை என்று புரியச் சில வருடங்கள் ஆயின.

குழந்தை பிறந்த வீட்டில் ஜாடை எப்படிப் பங்கு பிரிக்கப்படுகிறது என்று கவனித்திருப்பீர்கள். மூக்கு எடுப்பாக இருந்தால் அப்பா வீட்டு மூக்கு. நிறம் கம்மியென்றால் அம்மா வீட்டுப் பக்கம். படிப்பு வந்தால் தாத்தா மூளை. பிடிவாதம் பிடித்தால் ‘அவங்கம்மாவ உரிச்சு வச்சிருக்கு’. இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், பாதி கொஞ்சல். நானும் சொல்லியிருக்கிறேன். எந்தப் பங்கிலும் சேராத ஒரு பண்பு வரும்போதுதான் சிரிப்பு நிற்கிறது. அப்போது எல்லாக் கண்ணும் ஒரே ஆள் பக்கம் திரும்புகிறது.

இதில் ஒரு வேடிக்கை. கர்ப்பிணி படுக்கும் அறையில் கொழுகொழு வெள்ளைக் குழந்தைப் படம் ஒட்டுவது நம் வழக்கம். பல படங்களில் அந்தக் குழந்தைக்கு நீலக் கண், பொன்முடி. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அப்படியே பிறக்குமாம். பாலில் குங்குமப்பூ. நாவற்பழம் சாப்பிடக் கூடாது, குழந்தை கறுத்துவிடும். என் சொந்த நாத்தனார் ஐந்து மாதம் இரும்புச்சத்து மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்துகொண்டிருந்தார், மாத்திரை பிள்ளையைக் கறுப்பாக்கும் என்று யாரோ சொன்னதால். நாட்டில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாத்திரைக்கும் குங்குமப்பூவுக்கும் மெலனின் மரபோடு ஒரு தொடர்பும் இல்லை. ரத்தத்தோடு தொடர்பு உள்ளது மாத்திரைக்கு மட்டும். ஆக, குழந்தையின் நிறத்துக்குப் பத்து மாதமும் பொறுப்பு அவள். சுவரில் ஒட்டிய படத்தைப் போலவே லேசான கண்ணோடு பிள்ளை பிறந்துவிட்டாலோ, அதற்கும் கணக்குச் சொல்ல வேண்டியவள் அவள்.

முடிக்கும் இதே கதி. அந்த வீட்டிலேயே தம்பிப் பையனுக்குச் செம்பட்டை முடி. அதற்கு அப்பாயி சொன்ன காரணம், “எண்ண வச்சு வாரி விட்டாத்தான?” கண் என்றால் அம்மாவின் நடத்தை, முடி என்றால் அம்மாவின் சோம்பல். பிள்ளைகளின் முடி வெயிலாலும் செம்பட்டையாகும், பசியாலும் ஆகும். இன்றைய கானாவில் வேலை பார்த்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் குவாஷியார்கர் என்ற நோயை உலகுக்கு எழுதினார். புரதம் போதாத பிள்ளைகளுக்கு வயிறும் காலும் வீங்கி, முடியின் நிறம் வெளுக்கும். அந்தப் பெயரை அவர் உள்ளூர்ப் பெண்களின் கா மொழியிலிருந்து எடுத்தார்: அடுத்த குழந்தை வந்ததால் மார்பிலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்று பொருள். நோயின் காரணம் அந்தத் தாய்மார்களுடைய சொல்லிலேயே இருந்தது. செம்பட்டைத் தலையைப் பார்த்து, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார் அவர். நாமோ எண்ணெய் வைத்தாயா என்று கேட்கிறோம், அதுவும் அம்மாவிடம்.

அறிவியல் வந்து பெண்ணைக் காப்பாற்றும் என்பது நான் வைத்திருந்த நம்பிக்கை. காப்பாற்றியும் இருக்கிறது. பிள்ளை ஆணா பெண்ணா என்பது விந்தணு கொண்டுவரும் குரோமோசோமால் தீர்மானமாகிறது என்பதை 1905இல் மாவுப்புழுக்களை ஆராய்ந்து நெட்டி ஸ்டீவன்ஸ் காட்டினார். நூறு வருடத்துக்கு மேலாகிறது. பாடப்புத்தகத்தில் இருக்கிறது, தேர்வில் வருகிறது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் ஏச்சு வாங்குகிறவள் யார்? தீர்ப்பு அவளுக்குச் சாதகமாக வந்தது, மன்றம் மட்டும் கலையவில்லை. நான் அன்று திண்ணையில் செய்ததும் அதுதான். கிழவியை நீதிபதியாக உட்கார வைத்து, நானே வக்கீலாகி, குழந்தையின் கண்ணைச் சாட்சிப் பொருளாக எடுத்துவைத்து வாதாடினேன். குற்றவாளிக் கூண்டு என்று ஒன்று அங்கே இருக்கலாமா என்று கேட்கவே இல்லை. கொட்டை வெள்ளையாக விழாத இன்னொரு வீட்டில், கணக்கு ஒத்துவராத இன்னொரு பெண்ணுக்கு, என் பாடத்தில் ஒரு சொல்லும் இல்லை.

ஆச்சரியமாக, நம் சட்டம் இந்த இடத்தில் என்னைவிடப் பக்குவமாக இருந்திருக்கிறது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, திருமண உறவு நீடிக்கும்போது பிறந்த பிள்ளை அந்தக் கணவனின் பிள்ளையே என்று முடிவாகச் சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில் இருவரும் கூடியிருக்கவே வாய்ப்பில்லை என்று காட்டினாலொழிய. இப்போது புதிய சட்டத்தில் அது 116ஆம் பிரிவு. முகத்தைப் பார், கண்ணைப் பார் என்று அது சொல்லவில்லை. பெண் மேல் உள்ள பரிவால் எழுதப்பட்டது என்று நான் நம்பவில்லை. வாரிசும் சொத்தும் குழம்பக் கூடாது என்பதுதான் அதன் கவலையாக இருந்திருக்கும். ஆனாலும் பலன் பிள்ளைக்குக் கிடைத்தது. ஜீவனாம்சம் கொடுக்காமல் தப்பிக்க ஒருவர் ரத்தப் பரிசோதனை கேட்ட வழக்கில், 1993இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அப்படி உத்தரவிட்டால் பிள்ளைக்கும் தாய்க்கும் என்ன பெயர் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்றது. 2014இல் வேறொரு வழக்கில், மரபணுச் சோதனை முடிவு கையில் இருக்கும்போது அனுமானம் அதற்கு வழிவிட வேண்டும் என்றது. 2023இல், மனைவியின் நடத்தையை நிரூபிக்கப் பிள்ளையைச் சோதனைக்கு அனுப்ப முடியாது என்று மறுபடியும் பிள்ளையின் பக்கம் நின்றது. நீதிமன்றமே இப்படி முன்னும் பின்னும் போகிறது என்றால் கேள்வி லேசானது இல்லை.

ஓர் ஆணுக்கு உண்மை தெரிய உரிமை இல்லையா என்று என் கணவரே கேட்டார். நியாயமான கேள்வி. ஏமாற்றப்படுவது யாருக்கும் வலிக்கும், அதை நான் சின்னதாக்க மாட்டேன். தன்னைப் பெற்றவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள வளர்ந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. சந்தேகம் வந்தால் ஒருவர் மற்றவரிடம் கேட்கட்டும், கேட்கிற அளவுக்கு அந்த உறவில் இடம் இருக்கட்டும். அந்தத் திருப்பூர்க்காரர் பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட மனைவியிடம் நேராகக் கேட்டதில்லை. பிள்ளையின் கண்ணைப் பார்த்தார், அம்மாவின் முணுமுணுப்பைக் கேட்டார், கடைசியில் என் சிவப்பு மையை நம்பினார். பஸ் ஏறிப் போனார். ‘சரிபார்க்க’ வேண்டியிருந்தது கண்ணின் நிறம் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

அவர் திரும்பி வந்துவிட்டார். கொட்டைக் கதையைக் கேட்டுச் சமாதானமாகித்தான் வந்தார் என்று அந்தப் பெண் சொன்னாள். “அம்மா மட்டும் இப்பவும் சரியாப் பேசறதில்ல டீச்சர், அப்பாகிட்ட.” அந்த மௌனத்தை ஒரு காலத்தில் பிடிவாதம் என்று நினைத்தேன். விடுதலைத் தீர்ப்பு கையில் கிடைத்த பிறகும் வீடு திரும்ப மனம் வராதவர்கள் உண்டு.

அந்த அட்டவணையை அடுத்த வருடமே நிறுத்திவிட்டேன். ஒரு முறை அந்த அம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தபோது மன்னிப்புக் கேட்டேன். “நீங்க நல்லதுக்குத்தான செஞ்சீங்க” என்றார். அது மன்னிப்பா என்று தெரியவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

இப்போது மரபியல் பாடத்துக்கு ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை எடுத்துப்போகிறேன். முதல் நாள் எல்லாரும் சிமென்ட் தரையில் ஒரு பக்கம் தேய்க்க வேண்டும், வகுப்பே கரகரவென்று இருக்கும். ஜோடி ஜோடியாக உருட்டி, விழுந்ததைக் கரும்பலகையில் குறிப்போம். நாற்பது பேர், ஆளுக்கு இருபது முறை. எண்ணூறில் ஏறத்தாழ இருநூறு வெள்ளை ஜோடி வரும், எந்த வருடமும் சரியாக இருநூறு வராது. இது கற்பனைச் செடி, கற்பனைப் பூ என்று சொல்லிவிடுவேன். யாருடைய வீட்டையும் கேட்பதில்லை.

போன வருடம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தி பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: “டீச்சர், எங்கப்பா யாருன்னு எனக்குத் தெரியாது. நான் எத்தனை கொட்டை எடுத்துக்கணும்?”

எல்லாரையும் போல இரண்டு எடுத்துக்கொள் என்றேன். எடுத்துக்கொண்டு போய்த் தேய்க்க ஆரம்பித்தாள்.